மூன்றாம் ஓலை

இரண்டாம் மணி ஓய்ந்தபோது பெர்சிஸ் பெண்கள் பக்கத்து நான்காவது பெஞ்சில், எப்போதும் உட்காரும் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். உட்கார்ந்த பிறகுதான் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்க வேண்டாமோ என்று பட்டது. பின்னால் தூண் மறைவில் இருந்திருக்கலாம். தலைவலி என்று வீட்டிலேயே கிடந்திருக்கலாம். காலையில் அவரே வழி சொல்லிக் கொடுத்தார்: முடியலேன்னா நீ வீட்ல இரு, நான் மட்டும் போய்க்கிடுதேன் என்று, கண்ணாடியில் மீசையை ஒதுக்கிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் ஞானாபரணம் தன் பெண்டாட்டியைக் கோயிலுக்கு வர வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சுற்றுவட்டாரச் சபைகளை நடத்தும் சாரோன்புரம் சேகர கமிட்டியில் இரண்டு முறை செயலாளராக இருந்தவர். மழையோ காய்ச்சலோ, ஞாயிறு காலை எட்டரை மணிக்குக் குடும்பம் பெஞ்சில் இருந்தாக வேண்டும் அவருக்கு. அதனால் பிடிவாதமாக வந்தாளா என்றால் அதுவும் இல்லை. கால்கள் வந்தன, அவ்வளவுதான். படியேறும்போது யாராவது நிறுத்தி, உள்ளே போய் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இன்றைக்கு மூன்றாம் ஓலை. அவள் மகன் செல்வினுக்கும் கனகமணி டீச்சர் மகள் பியூலாவுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது என்று பாதிரி ஐயர் சபைக்கு அறிவித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்கிற மூன்று ஞாயிறுகளில் கடைசி ஞாயிறு. முதல் ஓலை அன்று அவள் மெரூன் பட்டு கட்டியிருந்தாள். பெயரை வாசித்ததும் பின் பெஞ்சிலிருந்து யாரோ தோளைத் தட்டினார்கள், அவளும் திரும்பிச் சிரித்தாள். அன்றைக்கு அவளுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாம் ஓலை அன்றைக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கும் தெரியும்.

ஆர்கன் இழுத்துத் தொடங்கியது. கூட்டம் எழுந்தது, அவளும் எழுந்தாள். கனகமணி மூச்சு வாங்க வந்து பக்கத்தில் நின்று, என் பாமாலையைப் பியூலா தூக்கிட்டுப் போயிட்டாட்டி, உன்னுதைக் காட்டு என்று அவள் கையிலிருந்த புத்தகத்தின் மறுபாதியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் கையில் ஒரு புத்தகம். கனகமணியின் கட்டைவிரல் அவள் கட்டைவிரலுக்கு நான்கு விரற்கடை தள்ளி. நகத்தில் சாக்பீஸ் வெள்ளை. ஞாயிற்றுக்கிழமையும் போகாத வெள்ளை. பெர்சிஸ் வாயைத் திறந்து மூடினாள், சத்தம் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. கண் தெற்கு வாசலுக்குப் போயிற்று. அங்கே வெயில் மட்டும் நின்றது. பிந்தி வருகிற யாருடைய நிழலாவது வாசலில் விழும்போதெல்லாம் அந்தப் பிள்ளைதான், வந்துவிட்டாள் என்று பட்டது. வந்துவிட்டால் நல்லதுதானே என்று உடனே இன்னொரு எண்ணம். அவளே வந்து, அவளே நடுக்கோயிலில் நின்று, அவளே சொல்லிவிட்டால் பெர்சிஸ் வெறுமனே உட்கார்ந்திருக்கலாம். அதிர்ச்சியில் வாயைப் பொத்திக்கொள்ளலாம். கனகமணி அவள் தோளில் சாய்ந்து அழுவாள். அந்தக் காட்சி எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதை நினைத்தபோது பாட்டின் நடுவில் அவளுக்குக் காது சுட்டது. வாசலில் வந்தது கோல் ஊன்றிய ஒரு கிழவர். நிழல் உள்ளே வந்து ஆண்கள் பக்கம் போயிற்று.

அவள் வர மாட்டாள். சொல்லிவிட்டுத்தான் போனாள். பத்து நாளைக்கு முந்தின வியாழக்கிழமை, பதினோரு மணி இருக்கும், அடுப்பில் உளுந்தஞ்சோறு வெந்துகொண்டிருந்தது, கேட்டைத் திறந்து ஒரு பிள்ளை வந்தாள். பச்சைச் சுடிதார், பஸ்ஸில் கசங்கிய துப்பட்டா, இருபத்தாறு இருபத்தேழு வயது. செல்வின் வீடு இதுதானா என்று கேட்டாள். கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவள், கல்யாண விஷயம் கேள்விப்பட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து, வாம்மா உள்ளே வா என்று கூப்பிட்டு உட்காரவைத்து ஃபேனைப் போட்டாள். எந்த ஊரும்மா என்று கேட்டாள். எல்லோரிடமும் கேட்பதுதான், கேட்காமல் யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. புளியடிக்குளம் என்றாள் அந்தப் பிள்ளை. ஓ, என்றாள் பெர்சிஸ். அவ்வளவுதான் சொன்னாள். ஒரே எழுத்து. ஆனால் அந்தப் பிள்ளை அந்த எழுத்துக்காகக் காத்திருந்தவள் போல லேசாகத் தலையாட்டினாள். பழகிய மாத்திரையை விழுங்குகிறவள் மாதிரி. புளியடிக்குளத்திலும் கோயில் இருக்கிறது, இதே டயோசிஸ், இதே பாமாலை, இதே ஜெப புத்தகம். ஆனால் புளியடிக்குளம் என்றால் எந்தச் சாதி என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிறகுதான் அவள் போனை எடுத்து நீட்டினாள். சார்பதிவாளர் அலுவலக முத்திரை, இரண்டு போட்டோ, அதில் ஒன்று செல்வின், அவன் கிறிஸ்மஸுக்கு எடுத்த நீலச் சட்டையில். பெயர் பிளாரன்ஸ். கோயம்புத்தூரில் பதிவு செய்து இரண்டரை வருஷம். ஒரு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். போன கிறிஸ்மஸுக்கு முந்தின கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போன செல்வின் திரும்பி வந்தபோது வேறு ஆளாக வந்தானாம். பத்து நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். விவாகரத்து எதுவும் இல்லை. அழுவாள் என்று பெர்சிஸ் எதிர்பார்த்தாள். அழவில்லை. அத்தை என்று ஒரு தடவை வாயில் வந்து, ஆன்ட்டி என்று திருத்திக்கொண்டாள். "நான் சண்டை போட வரல ஆன்ட்டி. கோயில்ல மூணு தடவை கேப்பாங்கள்ல, தடை இருக்கான்னு. இந்த ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது. உங்களைத்தான் தெரியும், போட்டோல." நீயே வந்து சொல்லேன் என்று கேட்டதற்கு, எங்கப்பா உபதேசியார், எங்க ஊர்ல ஓலை வாசிக்கிறதே அவங்கதான், நான் இப்படிப் பதிவு பண்ணிக்கிட்டது அவங்களுக்குத் தெரியாது என்றாள். தண்ணீர் மட்டும் குடித்தாள். பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். உளுந்தஞ்சோறு அடிப்பிடித்து வீடெல்லாம் அந்த வாடை.

முழங்காலில் நிற்கச் சொன்னார் ஐயர். பாவ அறிக்கை. இருநூறு குரல் ஒன்றாகச் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் ஒரே ராகத்தில் சொல்லிக்கொண்டு போனது. இந்த ராகத்தில் சொன்னால் எதுவும் உறைக்காது. பெர்சிஸ் பத்து வயதிலிருந்து சொல்கிறாள், ஒரு நாளும் உறைத்ததில்லை. செய்யாமல் விட்டது என்றால் துவைக்காமல் விட்ட துணி மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் மனசுக்குள் இருந்தது. அந்த வியாழக்கிழமை சாயந்திரம் ஞானாபரணம் வந்ததும் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள். குரலை இறக்கி, பக்குவமாக, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாரோ என்ற பயத்தோடு சொன்னாள். அவர் காப்பியைக் குடித்து முடித்தார். தெரியும் என்றார். ஒரு வருஷத்துக்கு மேலாகத் தெரியுமாம். போன வருஷ ஜனவரியில் டயோசிஸ் கூட்டம் என்று போனது மதுரைக்கு இல்லை, கோயம்புத்தூருக்கு. மகனை உட்காரவைத்துப் பேசி, வீட்டைக் காலி பண்ணவைத்துவிட்டு வந்தவர் அவர்தான். அன்று திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு பொட்டலம் மல்லிகைப் பூ வாங்கி வந்தார் என்பது இப்போது ஞாபகம் வந்து, முட்டி தரையில் அழுந்தி வலித்தது. அது வெறும் பேப்பர், பிறகு வக்கீலை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கனகமணிக்கு என்ன சொல்வது என்று கேட்டாள். கனகமணிக்கு எதுக்குச் சொல்லணும் என்றார். பிறகு, அவருக்குக் கோபம் வந்தால் வரும் அந்தத் தாழ்ந்த குரலில், "புளியடிக்குளத்துப் பிள்ளையைக் கூட்டியாந்து எந்தப் பெஞ்சில உக்கார வைப்ப நீ? உன் பக்கத்துலயா?" என்று கேட்டார். அவள் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். இதுதான் அவளை விடாமல் பிடித்து உலுக்குகிறது. அவர் கேட்டதற்குப் பதில் இல்லாமல் இல்லை. பதில் இருந்தது, அது அவருடைய பதிலேதான். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் செல்வின் அந்தப் பிள்ளையைக் கைப்பிடித்துக் கூட்டி வந்திருந்தால் கேட்டருகிலேயே குறுக்கே நின்றிருக்கக் கூடியவள் பெர்சிஸ். அழுதிருப்பாள், சாப்பிடாமல் கிடந்திருப்பாள், ஊரில் தலைகாட்ட முடியுமா என்று கேட்டிருப்பாள். அப்படிப்பட்டவள் இப்போது எந்த முகத்தோடு எழுந்து நின்று நியாயம் பேசுவது?

எழுந்து உட்கார்ந்தார்கள். முதல் பாடம் வாசிக்க ஞானாபரணம் போனார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் சபையைப் பார்ப்பது அவர் வழக்கம். இன்றைக்கும் பார்த்தார். நான்காவது பெஞ்சைத் தாண்டிப் பார்த்தார். நல்ல குரல். அந்தக் குரலைக் கேட்டுத்தான் இந்த மாப்பிள்ளைக்கு என்ன குறை என்று அவள் அப்பா ஒத்துக்கொண்டது. வார்த்தைகள் அவள்மேல் படாமல் போயின. ஏசாயாவா எரேமியாவா என்றுகூடப் பிடிபடவில்லை. பதிலாக அசனப் பந்தல் வந்தது. கல்யாணமாகி வந்த முதல் வருஷம், பிரதிஷ்டைப் பண்டிகை, கோயில் வளாகம் முழுக்க ஓலைப் பந்தல், ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அசனம். அவள் சோற்றுக் கூடையோடு வரிசையில் போய்க்கொண்டிருந்தாள். பந்தல் ஓரத்தில் தனியாக ஒரு வரிசை. பதினைந்து இருபது பேர், பக்கத்து ஊர்க்காரர்கள் என்றார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பியபோது மாமியார் முழங்கையைத் தொட்டு, அங்க ஆம்பிளையாளு போடுவாக, நீ போகாண்டாம் என்றாள். கோபமில்லாமல், உப்பு போடு என்று சொல்வது போல. பெர்சிஸ் திரும்பிவிட்டாள். அந்த வரிசையின் கடைசியில் வெள்ளை ஜிப்பா போட்ட ஒரு மனிதர் இருந்தார், மடியில் வேதப்புத்தகத்தை வைத்துக்கொண்டு. இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு அவள் கூடையைப் பார்த்தார். பிறகு பார்வையை இலைக்கு இறக்கிக்கொண்டார். அவர் உபதேசியாராக இருந்திருக்கலாம். புளியடிக்குளத்துக்காரராக இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், முப்பத்தொரு வருஷத்தில் அவரை ஒரு தடவைகூட நினைத்ததில்லை, இந்தப் பத்து நாளாகத்தான் அந்த இலையும் பார்வையும். அந்த வரிசைக்கு யாராவது சோறு போட்டார்களா? போட்டிருப்பார்கள். போடாமல் விட்டிருப்பார்களா? அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அதனால் தெரியாது. ஞானாபரணம் வாசித்து முடித்து, புத்தகத்தை மூடி, இறங்கினார்.

பாடகர் குழுவில் நீலக் கரைச் சேலையில் பியூலா இருந்தாள், சபையைப் பார்த்த மாதிரி. அவள் கண் பெர்சிஸின் கண்ணைத் தேடிப் பிடித்துச் சிரித்தது. சின்ன வயதிலிருந்தே அத்தை என்று கூப்பிடுகிறவள். நிச்சயம் ஆனதிலிருந்து அந்த அத்தையைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. பெர்சிஸ் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்தாள். உதடு தானாகச் செய்தது. கனகமணி அதைப் பார்த்துவிட்டு இவள் காதோரம் குனிந்து, நேத்து முழுக்க கிறுக்கச்சி மாதிரி தனியாச் சிரிச்சுக்கிட்டே இருக்கா, எனக்கு என்னமோ பயமா இருக்குட்டி, இவ்ளோ சந்தோஷத்தை எங்க வீடு பார்த்ததில்லை என்றாள். அது உண்மை. பியூலாவுக்கு ஒன்பது வயதில் கனகமணியின் புருஷன் பைக்கில் போய் லாரியில் அடிபட்டார். பிணத்தை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவரும்வரை கனகமணி பெர்சிஸின் கையைப் பிடித்துக்கொண்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிடித்த இடத்தில் நகம் பதிந்து ஒரு வாரம் கறுத்திருந்தது. அப்போது பெர்சிஸ் அவளுக்கு ஏதோ சொன்னாள். என்னமும்னாலும் நான் மறைக்க மாட்டேன், உன்கிட்ட உள்ளதைச் சொல்லுவேன் என்று சொன்னாளோ, அல்லது நான் இருக்கேன் என்று மட்டும் சொன்னாளோ, ஞாபகம் நழுவுகிறது. நல்லவேளை நழுவுகிறது. இந்தப் பத்து நாளில் கனகமணி வீட்டுக்கு நாலு தடவை போனாள். ஒவ்வொரு தடவையும் கேட்டைத் தாண்டும்வரை சொல்லிவிடுவது என்று போனாள். ஒரு தடவை ஜாக்கெட் அளவு, ஒரு தடவை கல்யாணத்துக்கு யார் ஜெபிப்பது, ஒரு தடவை கனகமணி ஸ்கூலிலிருந்து வரவில்லை. நாலாவது தடவை கனகமணியே, என்னட்டி முகம் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாள். சுகர் கூடியிருக்கு போல என்றாள் பெர்சிஸ். கனகமணி அன்றைக்கே அவளுக்குச் சீனி போடாத காப்பி கொடுத்தாள்.

விசுவாசப் பிரமாணத்துக்கு எழுந்து, சொல்லி, உட்கார்ந்தார்கள். ஐயர் அறிவிப்புத் தாளை எடுத்தார். இளம் வயது, இந்தச் சேகரத்துக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகிறது; தாளை வாசிக்கும்போது மட்டும் ஸ்கூல் பையன் போல விரலை வரிக்கு வரி நகர்த்துவார். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் புதன்கிழமை மூன்று மணிக்கு. அந்தச் சங்கத்துக்கு எட்டு வருஷமாகப் பெர்சிஸ்தான் காரியதரிசி. புதன்கிழமை மூன்று மணிக்கு அந்த அறையில் யார் யார் எங்கே உட்கார்ந்திருப்பார்கள், அவள் நுழைந்ததும் எந்தப் பேச்சு நிற்கும் என்று அவளால் இப்போதே பார்க்க முடிந்தது. பரிசுத்தவான்விளையைச் சேர்ந்த வாசமுத்து படுக்கையில் இருக்கிறார், ஜெபித்துக்கொள்ளுங்கள். அசனப் பண்டிகைக் கமிட்டி ஆராதனை முடிந்ததும் கூடும். சொன்னால் செல்வின் வீட்டுக்கு வர மாட்டான். வரவே மாட்டான். வேலை பார்க்கும் ஊரிலிருந்து போனில் அன்றைக்கே சொன்னான், அம்மா அது முடிஞ்சுபோன விஷயம், நீ இதுல ஒண்ணும் குழப்பாத என்று. அந்தக் குரலில் அவள் பெற்ற பிள்ளை இல்லை, ஞானாபரணம்தான் இருந்தார். சொல்லாவிட்டால் வருவான், பியூலாவோடு வருவான், ஞாயிறுதோறும் இதே பெஞ்சில் கனகமணி ஒரு பக்கம், பியூலா ஒரு பக்கம், நடுவில் அவள். பேரப்பிள்ளை மடியில். அப்போதும் தெற்கு வாசலில் நிழல் விழும். அறுபது வயதிலும் விழும். வாலிபர் முகாமுக்குப் பெயர் கொடுக்காதவர்கள் கொடுக்க வேண்டும். ஓலையைக் காணோமே, ஒருவேளை தாளில் விட்டுப்போயிற்றோ, அல்லது அவர் ஐயரிடம் போய் மூன்றாவது வேண்டாம் என்று ஏதாவது—

"விவாக ஓலை," என்றார் ஐயர். "மூன்றாம் முறை."

கனகமணி சேலையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாரோன்புரம் சபையைச் சேர்ந்த ஞானாபரணம், பெர்சிஸ் ஆகியோரின் குமாரன், பிரம்மச்சாரி செல்வின் என்பவருக்கும் என்று ஐயர் வாசித்தார். விரல் நகர்ந்தது. பெர்சிஸின் காதில் நகரவில்லை. பிரம்மச்சாரி. அந்த வார்த்தை அங்கேயே நின்றது, தொண்டையில் மீன் முள் நிற்பது போல. முதல் ஞாயிறும் வாசித்தார்கள், போன ஞாயிறும் வாசித்தார்கள். பெயருக்கு முன்னால் வைக்கிற அடைமொழி என்று காது தாண்டிப் போயிற்று. அது அடைமொழி இல்லை. அவள் பெயரையும் சேர்த்துக்கொண்டு, அவள் சாட்சியாக, பலிபீடத்துக்கு முன்னால் சொல்லப்படுகிற ஒரு சங்கதி. ஒருத்தி இருக்கிறாள். ஒரு வருஷம் ஒரே வீட்டில் அவனுக்குச் சோறு பொங்கிப் போட்டிருக்கிறாள், அவன் காய்ச்சலுக்கு ரசம் வைத்திருக்கிறாள், அவனுக்குப் பூண்டு ஆகாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளை இந்த ஒரு வார்த்தையால் துடைக்கிறார்கள். கன்னிகை பியூலா என்று அடுத்த வரி. கனகமணியின் பெருமூச்சு. இப்போது கேட்பார். கேட்டுக்கொண்டிருக்கிறார். தடை இன்னதென்று அறிந்த எவரும் இப்போதே தெரிவிக்க வேண்டும் என்கிறார். ஐயர் தலையை நிமிர்த்திப் பார்க்கிறார், சும்மா, முறைக்கு, இரண்டு மூச்சு நேரம். ஃபேன் சத்தம். எங்கோ ஒரு குழந்தை பிஸ்கட் கேட்கிறது. எழுந்திரு. ஆண்கள் பக்கத்தில் ஞானாபரணத்தின் பிடரி அசையாமல் இருக்கிறது. எழுந்திரு. இன்னும் ஒரு மூச்சு இருக்கிறது. இருந்தது. ஐயர் தாளை மடித்தார். பாமாலை என்று சொல்லி ஒரு நம்பரைச் சொன்னார்.

அவள் எழுந்தாள். கூடவே இருநூறு பேரும் எழுந்தார்கள். ஆர்கன் தொடங்கிவிட்டது. அவள் எழுந்தது பாட்டுக்கு எழுந்ததாகப் போயிற்று. கடவுளுக்கே வித்தியாசம் தெரிந்திருக்குமோ என்னமோ. கனகமணி புத்தகத்தை வாங்கிப் பக்கத்தைப் புரட்டிக் கண்டுபிடித்து, இருவருக்கும் நடுவில் பிடித்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. பெரிய குரலில், கொஞ்சம் சுருதி தப்பி, பாடினாள். பெர்சிஸ் பாடவில்லை. முடிந்துவிட்டது என்று ஒரு நிம்மதி உடம்பெல்லாம் இறங்கியது. அந்த நிம்மதியைக் கண்டுதான் அவள் பயந்துபோனாள். இத்தனை சுகமாகவா இருக்கும்? இரண்டாம் ஞாயிறும் இப்படித்தான் இறங்கியது, வீட்டுக்குப் போய் ஆட்டுக்கறி சமைத்தாள், உப்பு சரியாக இருந்தது. இந்த நிம்மதியோடு மிச்சக் காலம் முழுக்க உப்பு சரியாகப் போட்டுச் சமைக்கலாம். முதல் சரணம் போயிற்று. நியாயம் பேச உனக்கு என்ன யோக்கியதை என்று உன்னையே கேட்டாயே, யோக்கியதை உள்ளவர்கள் யார் இங்கே? அவருக்குத் தெரியும், மகனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூன்று பேரும் யோக்கியதை இல்லாதவர்கள். இந்த ஊரில் எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. யோக்கியதை உள்ள ஒருத்தர் வந்து சொல்லட்டும் என்றால் யாரும் வரப்போவதில்லை. இரண்டாம் சரணம். மூன்றாவது. அவள் தன் கால்களைப் பார்த்தாள். செருப்பில்லாத கால்கள், சிமெண்டுத் தரையில், பெருவிரல் நகத்தில் பழைய மருதாணியின் தேய்ந்த அரைவட்டம். நிற்கின்றன. இந்தக் கால்களை எழுப்புவதுதானே கஷ்டமாக இருந்தது, எழுந்தாகிவிட்டது. இனி உட்காராமல் இருந்தால் போதும்.

ஆமென் பாடி முடித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெஞ்சுகள் முனகின, சேலைகள் சரசரத்தன, யாரோ இருமினார்கள். பெர்சிஸ் உட்காரவில்லை. கனகமணி அவள் சேலையைப் பிடித்து இழுத்து, உக்காருட்டி என்றாள். பிரசங்க பீடத்தில் ஏறிய ஐயர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, முடியலையாம்மா, கொஞ்சம் தண்ணி குடிக்கீங்களா என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார்.

"ஐயரே, ஓலைக்குத் தடை இருக்கு," என்றாள்.

பால்காரரிடம் பேசுகிற குரலாக அது அவளுக்கே கேட்டது. ஐயர் சட்டென்று விளங்கிக்கொள்ளவில்லை. விளங்கியதும் முகம் வெளுத்து, ஆராதனை முடிந்து வெஸ்ட்ரி அறையில் பேசலாம் அம்மா என்றார்.

"ஓலையை இங்க வச்சுத்தானே வாசிச்சீங்க."

ஆண்கள் பக்கம் ஞானாபரணம் எழுந்துவிட்டார். அவளுக்குப் பத்து நாளா உடம்புக்குச் சரியில்லை ஐயரே, நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுதேன் என்று சொல்லிக்கொண்டே நடுவழியில் வந்தார். ஓடவில்லை, நிதானமாகத்தான் வந்தார். இத்தனை வருஷத்தில் இந்தக் கோயிலில் அவர் பெண்கள் பக்கத்துக்கு வந்ததில்லை. அவர் வந்து சேர்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு அவசரம் அவளைப் பிடித்துத் தள்ளியது. "செல்வின் பிரம்மச்சாரி இல்ல. கோயம்புத்தூர்ல ரிஜிஸ்டர் கல்யாணம் ஆகி ரெண்டரை வருஷம் ஆச்சு. அந்தப் பிள்ளை பேரு பிளாரன்ஸ். புளியடிக்குளம் உபதேசியார் மக. சர்ட்டிபிகேட்டை நான் பார்த்தேன்." கல்யாணம் என்று சொன்னபோது எழாத சலசலப்பு ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஆண்கள் பக்கத்தில் எழுந்தது. ஞானாபரணம் மூன்று பெஞ்சு தள்ளி நின்றுவிட்டார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் கோபத்தைத்தான் எதிர்பார்த்தாள். இருந்தது திகைப்பு, வீட்டில் ஒரு சுவர் திடீரென்று பேசியது போன்ற திகைப்பு. பிறகு அவர் திரும்பி தெற்கு வாசல் வழியாக வெளியே போனார். ஐயர் பீடத்திலிருந்து இறங்கி வந்து, விசாரணை முடியும்வரை இந்த விவாகம் இந்த ஆலயத்தில் நடக்காது என்று மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அடுத்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மௌனமாக ஜெபிப்போம் என்றார். இருநூறு தலைகள் குனிந்தன. பாடகர் குழுவில் ஒரு தலை மட்டும் குனியவில்லை. பியூலா மடியில் மூடிய புத்தகத்தின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெர்சிஸ் உட்கார்ந்தாள். பக்கத்தில் கனகமணி அசையவே இல்லை. அழுவாள், அறைவாள், எழுந்து மகளிடம் ஓடுவாள் என்று ஒவ்வொன்றாக நினைத்துக் காத்திருந்தாள். எதுவும் நடக்கவில்லை. பிறகு, கண்ணை மூடியபடியே, உதடு மட்டும் அசைய, கனகமணி கேட்டாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"போன வியாழனுக்கு முந்தின வியாழக்கிழமை."

கனகமணி கணக்குப் போடுவது பெர்சிஸுக்குத் தெரிந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது போல அவள் விரல்கள் மடியில் ஒவ்வொன்றாக மடங்கின. வெள்ளி, சனி. ஞாயிற்றில் நின்றது.

"அப்ப ரெண்டாம் ஓலைக்கு நீ என் பக்கத்துலதான் உக்காந்திருந்த."

"ஆமா," என்றாள் பெர்சிஸ். "உன் பக்கத்துலதான்."

கனகமணி தன் முந்தானையை அவள் பக்கத்திலிருந்து இழுத்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து வேறு பெஞ்சுக்குப் போகவில்லை. அவள் பக்கம் திரும்பவும் இல்லை. இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பலகை வெறுமையாக இருந்தது. ஐயர் ஆமென் சொன்னார்.